நேற்று இல்லாத விரிசல்

(கட்டுமான வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பாதாளச் சாக்கடைப் பணிகளில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் பதில் சொல்கிறார்.)

கே: சிவில் முடித்து எட்டு மாதமாகச் சைட்டில் இருக்கிறேன். ரிஸ்க் ரிஜிஸ்டர் (வேலையில் வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியல்) எழுதுவது என் பொறுப்பு. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்று 1 முதல் 5 வரை எண் போட்டுப் பெருக்கி எழுதுகிறேன். உண்மையில், போன வேலையின் பட்டியலைத்தான் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கிறேன். ஆபத்தை நிஜமாகக் கண்டுபிடிப்பது எப்படி ஐயா?
– வாசகி, திருப்பூர்

ப: மறைக்காமல் கேட்டதற்கு நன்றி அம்மா. காலையில் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரியோடு ஒரு சுற்று நடந்துவிட்டு, அப்புறம் ரிஜிஸ்டரைத் திறங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ராத்திரி மழை பெய்ததா, பொக்லைன் இடம் மாறியதா, புது ஆட்கள் வந்திருக்கிறார்களா? ஆபத்து பெரும்பாலும் அந்த மாற்றத்தோடுதான் வரும்.

என் மூன்றாவது வருடம். 3 மீட்டர் ஆழப் பள்ளம், எடுத்த மண் கரையிலேயே குவிந்து கிடந்தது. டீ குடித்துவிட்டு வரும்போது, விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பள்ளத்தின் போக்கிலேயே நீளமாக ஒரு விரிசல். நகம் நுழையும் அகலம். "நேத்தே இருந்துச்சு சார்" என்றார் ஒருவர். இருந்ததா இல்லையா என்று சொல்ல என்னிடம் அளவு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து, நேரத்தோடு நோட்டில் குறித்தேன். அரை மணியில் 4 மில்லிமீட்டர் கூடியிருந்தது. ஆட்களை மேலே ஏற்றினோம். மதியத்துக்குள் அந்தக் கரை இறங்கியது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் அம்மா. அப்படிப் பல கன மீட்டர், கொஞ்சம் முன்னால்வரை நான்கு பேர் நின்ற இடத்தில்.

அதனால் 'பள்ளம் சரிவு: 12' என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்த ஓரம், யார் பார்க்கிறார், எவ்வளவு கூடினால் வேலை நிற்கும், நிறுத்தச் சொல்ல யாருக்கு உரிமை என்று எழுதுங்கள். அந்தக் கடைசி விஷயம்தான் பல ரிஜிஸ்டர்களில் இருப்பதில்லை.

கனடாவின் கியூபெக் பாலம் 1907-ல் கட்டும்போதே விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அழுத்தம் தாங்கும் அடிப்பாகங்கள் வளைவதை முன்கூட்டியே அளந்திருந்தார்கள். முக்கால் அங்குல வளைவு ஒன்று சில நாட்களில் இரண்டேகால் அங்குலம் ஆனது. அங்கேயும் சிலர், பொருத்தும் முன்பே அது வளைந்துதான் இருந்தது என்று வாதாடினார்கள். ஆகஸ்ட் 29 அன்று சைட் பொறியாளர் நியூயார்க் போய் ஆலோசகரிடம் நேரில் சொன்னார். ஆலோசகர் உடனே இனி பாரம் ஏற்றாதீர்கள் என்று தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது அமெரிக்காவிலிருந்த நிறுவன அலுவலகத்துக்கு. பாலத்தில் வேலை நடந்துகொண்டே இருந்தது. அன்று மாலையே பாலம் விழுந்தது. உங்கள் ரிஜிஸ்டரில் பள்ளத்துக்கு மேலே நிற்பவரின் போன் நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கே: எங்கள் மேஸ்திரிக்கு 20 வருட அனுபவம். 2 மீட்டர் பள்ளத்துக்கு, பக்கம் சரியாமல் தாங்கும் முட்டுப் பலகை தேவையில்லை என்கிறார். இளையவன் நான் எப்படி மறுப்பது?
– வாசகர், ஓசூர்

ப: அவர் அனுபவத்தை மறுக்க வேண்டாம் தம்பி. "அண்ணே, இத்தனை வருஷத்துல எந்த மண்ணு உங்களை ஏமாத்துச்சு?" என்று கேளுங்கள். நிச்சயம் ஒரு கதை வரும், அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். பாறையோ கெட்டி மண்ணோ இல்லாத இடத்தில் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பலகை அடித்து முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் சாய்வாக வெட்டுங்கள். எடுத்த மண்ணும் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பலகை வரும்வரை யாரையும் இறக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கே: தாங்கும் சுவர்களுக்கு இடையே 5 மீட்டர் உள்ள கான்கிரீட் ஸ்லாப். அடுத்த வேலைக்கு வேண்டும் என்று 8-ஆம் நாளே முட்டுகளை எடுக்கலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?
– வாசகர், மதுரை

ப: கூடாது. சாதாரண சிமென்ட்டில் நாலரை மீட்டர் வரைதான் 7 நாள் கணக்கு. அதைத் தாண்டினால் 14 நாள். வாடகைக்கு வேறு முட்டு எடுக்கச் சொல்லுங்கள்.