அம்மாவின் முழங்கை: எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்
அம்மாவுக்கு முழங்கையில் பிளேட் வைத்து ஆறு வாரமாகியும் கை நீளவில்லை, சுண்டுவிரல் மரத்திருக்கிறது, எண்ணெய் போட்டு உருவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வலுக்கட்டாயமாக இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடலாம். என் சித்திக்கு அப்படித்தான் ஆனது. சோற்றுக் கவளம் வாய்க்கு எட்டாமல் தலையைக் குனிந்துதான் சாப்பிடுவார். சர்ஜன் அனுமதித்த அளவுக்கு அம்மாவே மெல்ல மடக்கி நீட்டட்டும். கை முழுக்க நேராக நீண்டிருப்பதை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 30 முதல் 130 டிகிரி வரை மடக்கி நீட்ட வந்தாலே அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஓடிவிடும்.

எனக்குக் கவலை மரத்துப்போன அந்தச் சுண்டுவிரல்தான். அதற்கு உணர்வு தருவது அல்நர் நரம்பு. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாயுமே, அதே நரம்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி மெல்ல இழுத்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் சர்ஜனிடம் சொல்லுங்கள். தாள் நழுவினால் அந்த நரம்பு இயக்கும் தசையும் பலவீனமாகியிருக்கலாம்; அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிப்போங்கள்.