எச்-1பி தம்பிக்கு: பாயிண்ட் டூ டூ பிஸ்டல் வாங்குவதற்கு முன்

தம்பி, கிளீவ்லாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். கல்லூரி என்.சி.சி.யில் குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலச் சின்னத் தோட்டா) ரைஃபிளில் சுட்ட ருசி இன்னும் விட்டுப்போகவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் வரும் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் தளத்துக்கு அழைத்திருக்கிறார். அதற்குள் ஆசை முற்றி, குறிபார்த்துப் பழக ஒரு டூ டூ பிஸ்டல் வாங்கலாமா, ரூகர் மார்க் 4 நல்லதா, பிரௌனிங் பக் மார்க் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். எச்-1பி என்ற வேலை விசாவின் பெயர் கேள்வியின் கடைசி வரியில்தான் வருகிறது. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எச்-1பி, எஃப்-1, சுற்றுலா என்று எந்தத் தற்காலிக விசாவில் வந்தவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். கிளீவ்லாந்து இருக்கும் ஒஹாயோவில் கைத்துப்பாக்கி வாங்க மாநில அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. கடையில் காய்கறி போலப் பரப்பி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வைத்திருப்பது என்றால் காசு கொடுத்து வாங்குவது மட்டும் இல்லை. தளத்தில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் நண்பருடையதைக் கையில் வாங்கிச் சுடுவதும் அதில் அடங்கும். உங்கள் விசா தெரிந்தே அவர் கொடுத்தால் அவரும் மாட்டிக்கொள்வார். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 என்ற படிவம் இதை நேராகவே கேட்கிறது. அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். துப்பாக்கிக் குற்றத்துக்கு நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. வேலை போனாலாவது நாட்டில் இருக்க அறுபது நாள் அவகாசம் இருக்கிறது. இதில் அது கூடக் கிடையாது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, யாராவது உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. மான் பக்கமே போகாத நம் ஆட்கள் சிலர் இதற்காகவே வேட்டை உரிமம் எடுத்திருக்கிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் உரிமம் காலாவதியான மறுநாள் காலையில், பெட்டிக்குள் பூட்டி வைத்த துப்பாக்கியே உங்கள் மேல் குற்றமாகிவிடும். புதுப்பிக்க மறந்ததற்கு அபராதம் கட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அந்த வழியில் போவதாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள். நான் போகவில்லை. 2003-இல் வந்தேன், கிரீன் கார்டு 2014-இல்தான் கிடைத்தது, அதுவரை தொடவில்லை.

பதினொரு வருடம் சும்மா இருந்தீர்களா என்பீர்கள். இல்லை, ஏர் பிஸ்டல் வைத்திருந்தேன். வெடிமருந்தால் அல்லாமல் காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளுவதால் மத்திய சட்டம் அதைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நகராட்சி விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் நீளம் உள்ள பேஸ்மென்ட், குண்டைப் பிடிக்க ஓர் இரும்புப் பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, இவ்வளவுதான் தேவை. 4.5 மில்லிமீட்டர் குண்டு. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இதே பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். இதை விளையாட்டுப் பொருள் என்று அலட்சியம் செய்யாதீர்கள். குண்டு குழலை விட்டு மெதுவாகப் போகிறது. விசையை இழுத்த பிறகும் கையை அசையாமல் வைத்திருக்கக் கற்றுக்கொடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

கிரீன் கார்டு வந்த பிறகு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் காத்திருந்தாயிற்று, சின்னது எதற்கு என்று நேராக ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கினேன். மூன்று மாதத்தில், பேஸ்மென்டில் பொத்தானைத் துளைத்துக்கொண்டிருந்தவன் சாப்பாட்டுத் தட்டு அளவு தாளையே தவறவிட ஆரம்பித்தேன். தளத்துக்கு வழக்கமாக வரும் ஒரு கிழவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு என் மேகசினை வாங்கித் திரும்பி நின்று தோட்டாக்களை அடைத்துக் கொடுத்தார். நடுவில் எங்கோ ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களைச் சேர்த்திருந்தார். எத்தனையாவது என்று சொல்லவில்லை. இரண்டு வெடித்தன. மூன்றாவதில் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, என் கண் முன்னாலேயே, கோயில் வாசலில் குனிகிற மாதிரி இரண்டு அங்குலம் கீழே குனிந்து நிமிர்ந்தது. வெடித்ததும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் என்று கை முன்கூட்டியே பயந்து அமுக்குகிறது. கிழவர் ஒன்றும் சொல்லாமல் தன் டூ டூவை என் கையில் வைத்தார்.

டூ டூவின் அருமை இதுதான். உதை கிடையாது என்றே சொல்லலாம், சத்தம் குறைவு, தோட்டா மலிவு. எனவே நூறு முறை சுட்டாலும் கை கெட்டபழக்கம் பிடிப்பதில்லை. இந்தத் தோட்டாவுக்கு ரிம்ஃபயர் என்று பெயர் வந்த காரணமும் எளிதுதான். பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். இதில் விளிம்புக்குள் பூசியிருப்பார்கள். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். 1887-இல் வந்த வடிவம், இன்றும் அதேதான். விளிம்பில் மருந்து சீராகப் படியாத தோட்டா அவ்வப்போது வரும், வெடிக்காது. அப்போது எட்டிப் பார்க்காமல் முனையை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

இனி நீங்கள் கேட்ட இரண்டுக்கும் வருகிறேன். சுடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் இருவரின் கையைவிட இரண்டுமே நன்றாகச் சுடும். வித்தியாசம் பிடியிலும் துடைப்பதிலும் இருக்கிறது. ரூகரின் சாதாரண மார்க் 4 பிடி, பழைய ஜெர்மன் லூகர் பிஸ்டல் போலச் சாய்ந்திருக்கும். அதே மார்க் 4-இல் 22/45 என்று ஒன்று உண்டு. அதன் பிடி, அமெரிக்க ராணுவத்தின் பழைய '1911' மாடல் பிஸ்டலின் கோணத்தில் இருக்கும். பக் மார்க்கின் பிடியும் ஏறக்குறைய அந்தக் கோணம்தான். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். குறிமுனைகள் தாமாகவே நேராக நின்றால் அதுதான் உங்கள் துப்பாக்கி. துடைப்பதில் மார்க் 4-ஐ அடிக்க முடியாது. பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் மேல்பாதி நிமிர்ந்து கையோடு வந்துவிடும். 2016-இல் இந்த வசதி வருவதற்கு முன்பிருந்த மார்க் வரிசையைப் பிரித்துப் பூட்டுவது ஊரறிந்த தலைவலி. பக் மார்க்கைப் பிரிக்க அல்லன் சாவியும் பொறுமையும் வேண்டும். விசை மட்டும் பெட்டியைத் திறந்த அன்றே தேனாக இருக்கும். பழைய மார்க் 4 கிடைத்தால் வரிசை எண்ணைச் சரிபாருங்கள்; 2017 ஜூன் 1-க்கு முன் செய்தவற்றைப் பாதுகாப்புப் பூட்டில் இருந்த குறைக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. என் ஓட்டு 22/45-க்கு. ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41 என்ற விலை கூடிய டூ டூ பிஸ்டல் பற்றி யாராவது பெருமூச்சு விடுவார்கள். நல்ல துப்பாக்கிதான், அந்தப் பணத்தில் பாதியைத் தோட்டாவுக்குச் செலவழித்தால் மதிப்பெண் இன்னும் ஏறும்.

தோட்டாவில் வேகத்துக்கு மயங்காதீர்கள். 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு, நொடிக்கு 1,070 அடி என்று பெட்டியில் போட்டிருக்கும் சாதாரண வேக வகை போதும். ஒலியின் வேகத்துக்குக் கீழேயே கிளம்புவதால் வழியில் அந்த எல்லையைக் கடக்கும் குலுக்கல் இருக்காது. நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது தாளில் நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். ஒரே மாடல் இரண்டு துப்பாக்கிகளுக்குக் கூட ருசி வேறாக இருக்கும்.

வீட்டு விஷயம் ஒன்று. இந்தக் குண்டுகள் ஈயம். சுட்டுவிட்டு வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் இட்லியைத் தொடாதீர்கள். சட்டையைக் குழந்தை துணியோடு துவைக்காதீர்கள். செருப்பை வாசலிலேயே விடும் நம் பழக்கம் இங்கே பெரிய உதவி. துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு பூட்டில். வார இறுதியில் நம் வீடுகளுக்கு எத்தனை பிள்ளைகள் வந்து ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் அதிர்ஷ்டசாலி, சரியான ஊருக்கு வந்திருக்கிறீர்கள். ஈஸ்டரை ஒட்டித் தியாகராஜ ஆராதனை நடப்பதால் நம்மவர்களுக்குக் கிளீவ்லாந்து தெரியும். துப்பாக்கிக்காரர்களுக்கோ அதே ஈரி ஏரிக்கரையில் மேற்கே போனால் வரும் கேம்ப் பெரிதான் க்ஷேத்திரம். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். கோடையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள், பார்ப்பதற்கு விசா தடையில்லை. ஒற்றைக் கையை நீட்டி ஐம்பது கஜத்தில் பத்து நிமிடத்துக்குப் பத்து முறை சுடுவார்கள். பிறகு இருபத்தைந்து கஜத்தில் இருபது நொடிக்கு ஐந்து, அடுத்து பத்து நொடிக்கு ஐந்து. ஏரிக்காற்றில் எழுபது வயதுக்காரரின் கை தூண் மாதிரி நிற்பதைப் பார்த்தால் எந்த பிஸ்டல் என்ற கேள்வியே உங்களுக்கு மறந்துபோகலாம்.

சனிக்கிழமை நண்பரோடு போங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறேன், என் விசாவில் தொட முடியாது என்று காரில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே வரிசையில் நின்றுகொண்டு சொல்வது சங்கடம். காதுக் கவசம் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே இரவல் கொடுப்பது எத்தனை தலைகளைப் பார்த்ததோ. ஏர் பிஸ்டல் வேண்டுமானால் என் பழையது பேஸ்மென்டில் சும்மா கிடக்கிறது. ரப்பர் வளையம் மட்டும் மாற்ற வேண்டும்.