விழுந்த வண்டியில் மறுபடி ஏறுவது எப்படி?

கேள்வி: எனக்கு 44 வயது. கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஊரணிக்கரை வளைவில் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கைப் பிடித்தேன். சரளையில் வண்டி சறுக்கி இடதுபக்கமாக விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்தாயிற்று, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் சீட்டில் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. இடதுபக்கம் திருப்ப வரவில்லை. பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் சட்டென்று ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன். "ஒருநாள் தைரியமா பெரியார் சிலை வரைக்கும் ஓட்டிட்டு வா, எல்லாம் சரியாயிரும்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பேருந்தும் ஆட்டோவும் பள்ளி வேனும் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு முதல் நாளே போய், நடுங்கித் திரும்பினால், 'என்னால் முடியாது' என்பதை உடம்பு இன்னொரு முறை உறுதிசெய்துகொள்ளும். அதற்காக, பயம் தானாகப் போகட்டும் என்று வண்டியைத் தொடாமலே வைத்திருப்பதும் சரியல்ல. இன்று ஓட்டவில்லை என்றதும் ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் நாளைய பயத்துக்குத் தீனி. பயத்தைச் சிறு சிறு அளவாகச் சந்திப்பதே வழி. அதற்கும் முன்னால் வண்டி ஏன் விழுந்தது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பயத்துக்குள் ஒரு உண்மை இருக்கிறது. அந்த வளைவில் அதே விதமாகப் பிரேக் பிடித்தால் வண்டி மறுபடியும் விழும். அதைத் திருத்தாமல் தைரியம் மட்டும் சொன்னால் மனசு கேட்காது, கேட்கவும் கூடாது.

டயர் சாலையைப் பிடிக்கும் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது அதில் ஒரு பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடும். மீதி இருப்பதுதான் பிரேக்குக்கு. தார்ச்சாலையில் அந்த மீதி ஓரளவுக்குப் போதும். செம்மண் சரளை சிதறிக் கிடக்கும் இடத்தில் மொத்தப் பிடிப்பே குறைவு. அங்கே பதறி அழுத்தினால் முன்சக்கரம் உருளாமல் நின்று வழுக்கும். முன்சக்கரம் வழுக்கிய பிறகு வண்டியை நிமிர்த்த அநேகமாக நேரம் இருக்காது. ஆகவே ஆடு ஒரு காரணம்தான். சாய்ந்த நிலையில், சரளையின் மேல், ஒரே இழுப்பில் பிடித்த பிரேக்தான் கீழே தள்ளியது. இது பழக்கத்தால் மாறக்கூடிய விஷயம்.

ஏறுவதற்கு முன்

முதலில் மணிக்கட்டு. எலும்பு கூடுவதும் பிடிமானம் திரும்புவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு பழைய பிடிபலம் வர ஆறு மாதம்கூட ஆகலாம். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இடது பிரேக்கை முழுக்க அழுத்தி மூன்று விநாடி பிடியுங்கள். இப்படி 20 தடவை வலியில்லாமல் முடிகிறதா? ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்பும்போது சுளீர் என்கிறதா? வலித்தால் பிசியோதெரபி இன்னும் பாக்கி என்று அர்த்தம். வலிக்கும் கை ஆபத்து நேரத்தில் பிரேக்கைப் பாதிதான் பிடிக்கும். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரையோ நரம்பு மாத்திரையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால், வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

அடுத்து வண்டி. விழுந்த ஸ்கூட்டரைக் கழுவி, உடைந்த பேனலை மாற்றி, கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது. மெக்கானிக்கிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை: முன் போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு) வளைந்திருக்கிறதா, கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்திருக்கிறதா, ரிம் அவுட் ஆகி, அதாவது சக்கர வளையம் கோணலாகியிருக்கிறதா, பிரேக் லீவர் வளைந்திருக்கிறதா. போர்க் கொஞ்சம் வளைந்திருந்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். அதை உங்கள் கை நடுக்கம் என்றே நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். வண்டியில் இருக்கும் கோளாறைத் தன் மேல் போட்டுக்கொண்டு, ஓட்டுவதையே விட்டவர்கள் உண்டு. பிரேக் லீவர் நுனியில் 1 முதல் 2 சென்டிமீட்டர் லூஸ் இருக்கலாம், அதற்குமேல் போனால் டைட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களில் காற்று முன்னால் 22 பிஎஸ்ஐ, தனியாக ஓட்டும்போது பின்னால் 28 அல்லது 29. உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். சரளை ரோட்டுக்கு நல்லது என்று கூடுதலாக அடைக்க வேண்டாம், பிடிப்பு இன்னும் குறையும்.

விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டில் அடி பட்டிருந்தால் வெளியே கீறல்தானே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு ஒரு அடியை வாங்கத்தான் செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட் புதிதாக வாங்குங்கள். கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும், உள்ளங்கைத் தோலையாவது அது காக்கும்.

மைதானப் பயிற்சி

விடுமுறை நாளில் பள்ளி மைதானமோ, புதிதாகப் பிளாட் போட்டு வீடு வராத நகரோ போதும். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். வாரத்தில் நான்கைந்து நாள், ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் ஓட்டுவதைவிட இது பலன் தரும். ஒவ்வொரு வேலைக்கும் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுங்கள். அது 3-க்கு இறங்கும்வரை அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 7-ஐத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்கி, அதைச் சரியாகச் செய்துவிட்டு அன்றைக்கு முடியுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

முதல் நாள் எஞ்சினே வேண்டாம். வண்டியைத் தள்ளி நடங்கள், இடமும் வலமும் வளையுங்கள், ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி மறுபடி கைக்கு அடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

பிறகு 10 கிலோமீட்டர் வேகத்தில் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக வரும். ஒன்று, பயத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே ஓட்டுவது. இதனால் வண்டி தள்ளாடும், கணுக்காலும் மாட்டும். நகர்ந்ததும் கால் மேலே வந்துவிட வேண்டும். இன்னொன்று, மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அடியோடு விட்டுவிடுவது. நடை வேகத்தில் ஸ்கூட்டரின் கிளட்ச் தானாக விலகி எஞ்சினின் இழுவை அறுந்துபோகும், வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். சிறிது ஆக்சிலேட்டர் கொடுத்தபடியே இடது பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு ஓட்டினால் வண்டி தள்ளாடாமல் நிதானமாகப் போகும்.

கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அளவுக்குப் பிடித்தால் போதும். இறுக்கினால் ஒவ்வொரு கல்லின் அதிர்வும் ஹேண்டில் வழியாகத் தோளுக்கு ஏறும். அதைவிட முக்கியம் வலது மணிக்கட்டு. பதறும்போது கை இறுகும், மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலேட்டர் தானாகத் திறந்துகொள்ளும். நிற்க நினைத்த வண்டி பாய்வது இப்படித்தான். வலது முழங்கையைச் சற்று உயர்த்தி, மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்கும்படி பிடித்தால் இது நடக்காது.

இனி பிரேக். இதற்குத்தான் அதிக நாள் வேண்டும். சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் முன்சக்கரம் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், ஆனால் இரண்டு கட்டமாக. முதலில் லூஸை எடுத்துவிட்டு, பிறகு ஒரு விநாடிக்குள் சீராக அழுத்தத்தைக் கூட்டுங்கள். வண்டி முன்னால் அமுங்கி எடை முன்சக்கரத்துக்கு வந்த பிறகுதான் அந்தச் சக்கரத்துக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். எடை வருமுன் ஒரே இழுப்பில் பிடித்தால் வழுக்கும். முன்பிரேக்கே வேண்டாம் என்று வலது லீவரைத் தொடாமல் ஓட்டச் சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. கேட்காதீர்கள், தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த 110 சிசி ஸ்கூட்டர்களில், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் உருளாமல் நின்றுவிடாதபடி காக்கும் அமைப்பு) இல்லாதவற்றில், இடது லீவரைப் பிடித்தாலே முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருக்கும். அது உதவிதான், வலது லீவருக்கு மாற்று அல்ல. பிடிக்கும்போது பார்வை தொலைவில் இருக்கட்டும். தரையைப் பார்த்தால் தலை கவிழும், வண்டியும் சாயும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிடித்துப் பழகி, கோட்டுக்குப் பின் நிற்கும் தூரம் சீரானதும் 30-க்குப் போங்கள்.

வேகத்தின் கணக்கையும் மனசில் வையுங்கள். ஆட்டைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தாரில் நிற்க மொத்தம் சுமார் 15 மீட்டர் வேண்டும். 40 என்றால் சுமார் 23 மீட்டர். பத்துக் கிலோமீட்டர்தானே கூடியது என்று தோன்றும், நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகிவிட்டது. சரளையில் இன்னும் நீளும்.

இடதுபக்கத் திருப்பத்துக்கு இரண்டு செங்கல்லை எட்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, எட்டுப் போடுங்கள். லைசென்சுக்குப் போட்ட அதே எட்டுதான். விழுந்த பக்கத்துக்குத் திரும்பும்போது உடம்பு எதிர்ப்பக்கம் விறைக்கும், கண் தரையைத் தேடும். செங்கல்லைப் பார்க்காமல், அதைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். வளையுமுன் வேகத்தைக் குறைத்து, வளையும்போது பிரேக்கை விட்டு, சீராக ஆக்சிலேட்டர் கொடுங்கள். எட்டு மீட்டர் எளிதானதும் ஆறாகக் குறையுங்கள்.

கடைசியாகச் சரளை. துணைக்கு ஒருவர் இருக்கும்போது, சரளை பரவிய நேர்ப்பாதையில் 15 வேகத்தில் ஓட்டி, மென்மையாக மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில் லேசாக நெளியும். நெளிந்தாலும் வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும். நீங்கள் இறுக்கிப் பிடித்துத் திருத்தப் போனால்தான் அது கெடும்.

தெருவுக்கும் ரோட்டுக்கும்

செட்டிநாட்டுத் தெருக்கள் அகலம், நேர். பழக நல்லவை. ஆனால் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக ஓடும் வீடுகளின் மதில், சந்தி வரை நீண்டிருக்கும். குறுக்குத் தெருவிலிருந்து வருவது தெரியாது. ஒவ்வொரு சந்தியிலும் 15-க்கு இறங்கி ஹார்ன் கொடுத்துத்தான் கடக்க வேண்டும். முதல் வாரம் காலையில் உள் தெருக்கள் மட்டும். அடுத்து கோட்டையூருக்குள் கடைத்தெரு. அதன் பிறகே காரைக்குடி ரோடு, அதுவும் ஞாயிறு காலை. திங்கட்கிழமை சந்தை நாளில் காரைக்குடிப் பயிற்சி வேண்டாம்.

லாரிச் சத்தத்துக்கு நீங்கள் செய்வதை உடனே மாற்ற வேண்டும், ஏனென்றால் அதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து. தார் முடியும் ஓரத்தில் ஒரு பள்ள விளிம்பும், அதற்கப்பால் சரளையும் இருக்கும். சட்டென்று ஒதுங்கினால் சிறிய சக்கரம் அந்த விளிம்பில் சரிந்து, நீங்கள் பயப்படும் அதே இடத்தில் விழுவீர்கள். தார் விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உள்ளே, நேர்க்கோட்டில், சீரான வேகத்தில் போங்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் போகிற லாரிக்காரர் உங்களைத் தாண்டிப் போவார். நீங்கள் கோடு மாறாமல் போவதுதான் அவருக்கும் வசதி. தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். தோளைத் தளர்த்தி வைத்தால் வண்டி அதைத் தாங்கிக்கொள்ளும். நிற்கத்தான் வேண்டுமென்றால் இண்டிகேட்டர் போட்டு, தாரிலேயே வேகத்தைக் குறைத்து, விளிம்பு சமமாக இருக்கும் இடத்தில் இறங்குங்கள். படபடப்பு ஏறினால் நான்கு எண்ணும்வரை மூச்சிழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஓட்டிக்கொண்டே செய்யலாம்.

ஊரணிக்கரை வளைவைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் போகும் பழக்கத்தை நிரந்தரமாக்கிவிடாதீர்கள். மைதானத்திலும் ரோட்டிலும் பயத்தின் எண் 3-க்கு இறங்கிய பிறகு அங்கே போகலாம். முதலில் நடந்து போய் சரளை எங்கே சேர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சக்கரம் ஓடாத வெளி ஓரத்திலும் நடுவிலும்தான் குவியும். பிறகு வீட்டுக்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போங்கள். அடுத்து நீங்களே, வளைவுக்கு முன்பே 15-க்கு இறங்கி, சக்கரத் தடத்திலேயே. ஒரே காலையில் ஐந்தாறு தடவை இருபக்கமும் போய்வந்தால், முதல் தடவைக்கும் கடைசித் தடவைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

முதல் மழை, இருட்டிய பிறகு ஓட்டுவது இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். ஐப்பசியில் முதல் தூறலில் எண்ணெயும் புழுதியும் கலந்து தார் வழுக்கும், நன்றாகக் கழுவிய மழைக்குப் பிறகு அவ்வளவு இராது. தைப்பூசத்தை ஒட்டிப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலும் நடப்பார்கள், அந்த நாட்களில் குன்றக்குடிப் பக்கம் இரவில் ஓட்ட அவசரம் வேண்டாம்.

விபத்துக் காட்சி கனவில் வருவது, விழித்திருக்கும்போதே திடீரென்று மறுபடி நடப்பதுபோல் இருப்பது, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மைதானப் பயிற்சி மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே பேச்சு சிகிச்சை முறைகள் உண்டு, நன்றாகக் குணமாகும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தலையில் அடிபட்டு இப்போதும் கிறுகிறுப்போ பார்வை மங்கலோ இருந்தால், அது சரியாகும்வரை வண்டியே வேண்டாம்.

வீட்டுக்காரருக்கும் வேலை இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று சொல்வது உதவாது. மைதானத்தில் கோடு போடுவது, நிற்கும் தூரத்தை அளப்பது, ரோட்டில் 30 மீட்டர் பின்னால் தன் வண்டியில் வருவது, இவற்றைச் செய்யட்டும். அவரையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிக்கொள்வது, நீங்கள் தனியாக இரண்டு வாரம் வேலைக்குப் போய்வந்த பிறகு. அப்போது பின்சக்கரக் காற்றைக் கையேட்டில் இருவருக்குச் சொன்ன அளவுக்குக் கூட்டி, மறுபடி மைதானத்தில் 20 வேகத்திலிருந்து பிரேக் பிடித்துப் பாருங்கள். எடை கூடிய வண்டி வேறு விதமாக நிற்கும்.