மனம் வாடும் பிள்ளைகள்: சிஸ்டரிடம் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் மனநலச் செவிலியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் தமிழ் வகுப்பில் உதவுகிறேன். வகுப்பு முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நின்றபடி சொல்லக்கூடிய பதில்கள் அல்ல அவை. அதனால் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னேன். ஜொகனஸ்பர்க்கிலிருந்தும் சிலர் அனுப்பியிருக்கிறார்கள்.

சிஸ்டர், பேத்திக்குப் பதினைந்து வயது. மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. சுகர் பீன்ஸ் கறி என்றால் உயிரை விடுவாள், அதைக்கூடத் தொடுவதில்லை. எது கேட்டாலும் எரிந்து விழுகிறாள். சம்பந்தியம்மா கண்ணேறு என்கிறார். மகன், போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்கிறான். (ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்)

அக்கா, மூன்று மாதம் நீண்ட காலம். பிடித்தது பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே நாங்கள் மனச்சோர்வு என்று சந்தேகிப்போம். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் பலர் அழுவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பல நேரம் கோபமாகவும் வெளியே வரும். அதனால்தான் வீட்டில் எல்லோரும் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு தாயிடம் "வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வாக்கியத்தை அன்றோடு விட்டேன். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி பதினெட்டு வயதுக்குள்ளும், மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. நோய் தொடங்கும் வயதே இதுதான். இதை வயசுக் கோளாறு என்று ஒதுக்க முடியாது.

திருஷ்டி சுற்றிப் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். மிளகாயும் உப்பும் சுற்றுகிற சாக்கில் அவள் தலையைத் தொடுகிறீர்களே, அது நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை காலை அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு முன்னால் பேச்சுக்கு ஒரு வழி செய்யுங்கள். எதிரே உட்கார்ந்து "உனக்கு என்னடி குறை?" என்று கேட்காதீர்கள். பீன்ஸ் உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, "நீ ரொம்ப நாளாக வாடியிருக்கிறாய் கண்ணு, எனக்குத் தெரிகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். பதில் வராமல் போகலாம். மறுநாளும் பக்கத்தில் உட்காருங்கள்.

போனைப் பிடுங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே தோழி அதற்குள் இருக்கலாம். இரவில் வீட்டில் உள்ள எல்லோருடைய போனும் சமையலறையில் தூங்கட்டும், மகனுடையதும்தான். தூக்கம் சீரானாலே பாதி நிலைமை தெரிந்துவிடும்.

"நான் இல்லாமல் போனால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று மகன் இரண்டு முறை சொல்லிவிட்டான். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று கேட்டால், நானே அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா? (ஒரு தாய், ஃபீனிக்ஸ்)

ஆகாது. இதைப் படித்து முடித்ததும் போய்க் கேளுங்கள் அம்மா. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டவுடன் பிள்ளையின் தோள் தளர்வதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "அம்மாவை நினைத்தாயா?" என்று அழாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நோய்க் குழு 1994 முதல் நடக்கிறது. அதன் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. நீங்களும் பேசலாம்.

இன்னொன்றை இன்று மாலைக்குள் செய்துவிடுங்கள். தாத்தாவின் பிரஷர் மாத்திரை முதல் எலி மருந்துவரை வீட்டில் இருப்பதையெல்லாம் பூட்டி வையுங்கள், அல்லது வெளியேற்றுங்கள். நினைத்தவன் எப்படியும் செய்வான் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணி நேரம்தான். கைக்கு எட்டாவிட்டால் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் 1995க்குப் பிறகு தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இங்கே தெருவோரத்தில் சிறு பொட்டலமாக விற்கும் எலி மருந்தை வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். 2024இல் சோவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகளின் உயிரைக் குடித்தது டெர்புஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. பயிருக்கென்று செய்யப்பட்ட அந்த விஷத்தைத்தான் தெருவில் எலி மருந்தாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஜிம்பாப்வேயில் பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து மனநோய்க்கு மருத்துவம் பார்க்கிறார்களாமே, உண்மையா? நம் கோயில் வளாகத்தில் அப்படி ஒன்று வைக்கலாமா? (ஒரு தமிழ் ஆசிரியை, மவுண்ட் எட்ஜ்கம்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். உண்மைதான். டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவரின் நோயாளி ஒருவர், மருத்துவமனைக்கு வர பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து தற்கொலை செய்துகொண்டார். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த நாடு அது. நோயாளியால் வர முடியாவிட்டால் மருத்துவம் அவர் வாசலுக்குப் போக வேண்டும் என்று சிபண்டா முடிவு செய்தார். அவருக்கு ஆளும் தரவில்லை, அறையும் தரவில்லை. கிடைத்தவர்கள் பதினான்கு பாட்டிகள். கிடைத்த இடம் கிளினிக் மரத்தடி. 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் இப்படித்தான் 'நட்பு பெஞ்சு' தொடங்கியது.

அந்தப் பாட்டிகள் மனச்சோர்வு என்ற சொல்லை நோயாளியிடம் சொல்வதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள், அதிகமாக யோசிப்பது என்று பொருள். நம் வீடுகளில் "ரொம்ப யோசித்து யோசித்து நெர்வ்ஸ் வந்துவிட்டது" என்கிறோமே, அதேதான். முதலில் பதினான்கு கேள்விகள் கேட்டு நிலைமையை அளக்கிறார்கள். பிறகு மனத்தைத் திறப்பது, தூக்கி நிறுத்துவது, வலுவூட்டுவது என்று மூன்று படிகள். வந்தவர் தன் கஷ்டங்களை எல்லாம் கொட்டிய பிறகு, அவற்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகை பாக்கியோ, குடிகாரக் கணவனோ, எதுவாகவும் இருக்கலாம். இந்த வாரம் அதற்கு எடுக்கக்கூடிய ஒரு சின்ன அடியைச் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். ஆறு சந்திப்பு. ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் பதினான்கு பேருக்குத்தான் இருந்தது. முதன்முதலில் படித்தபோது நான் அழுதேன். எங்கள் வார்டில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கேட்க நேரமில்லாமல் அடுத்த கட்டிலுக்கு ஓடியிருக்கிறோம்.

நம் கோயிலில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். நம்மிடம் பாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறொன்றில். யாரைக் கேட்டாலும் யாருக்காவது ஒன்றுவிட்ட உறவு. காலையில் பெஞ்சில் சொன்னது மாலையில் தேநீரோடு வீடு வீடாகப் போய்விட்டால், அந்தப் பிள்ளை இனி யாரிடமும் வாய் திறக்காது. அதனால் சொன்னதைப் புதைத்து வைக்கத் தெரிந்தவர்களாகப் பாருங்கள். கேட்பவரும் சொல்பவரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. அறிவுரை சொல்லும் பழக்கத்தை நிறுத்தப் பயிற்சி வேண்டும், அது நம் வயதுக்காரர்களுக்கு மிகவும் கடினம், எனக்கே ஒரு வருடம் ஆனது. வாரம் ஒருமுறை பாட்டிகளைச் சந்தித்து, கையை மீறிய ஆட்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் செவிலியோ உளவியலாளரோ அமைந்த பிறகே பெஞ்சைப் போடுங்கள். அந்த ஆளாக இருக்க நான் தயார். இளைஞர்களுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. ஹராரேயின் பெஞ்சு தொடங்கிய அதே 2006இல் ஆஸ்திரேலியாவில் 'ஹெட்ஸ்பேஸ்' என்ற ஏற்பாடு வந்தது. 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் மனக்கவலைக்கும், உடம்புக்கும், போதைக்கும், வேலைக்கும் ஒரே வாசலில் உதவி பெறலாம். எந்தக் கஷ்டத்துக்காக உள்ளே போகிறான் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. நம் பெஞ்சையும் வீட்டுப்பாட உதவி நடக்கும் இடத்திலேயே போட்டால் கூச்சம் குறையும்.

பத்தொன்பது வயது மகன் ஆறு மாதமாக டக்கா (கஞ்சா) புகைக்கிறான். இப்போது காதில் குரல் கேட்கிறது என்கிறான், பக்கத்து வீட்டார் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று ஜன்னலை மூடுகிறான். என் அண்ணன் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்கிறார். ஆஸ்பத்திரியில் விட எனக்குப் பயம், எஸிடிமேனி மனநலப் பராமரிப்பு மையங்களில் இருந்தவர்களுக்கு நடந்தது போல ஆகிவிட்டால்? (ஒரு தந்தை, ஐசிப்பிங்கோ)

ஐயா, பெரிய வெள்ளி அன்று உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுபவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைப் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் சாமி உடுக்கைக்கும் பாட்டுக்கும் வருகிறது, ஊர் நடுவே வருகிறது, விபூதி இட்டதும் மலையேறுகிறது. திங்கட்கிழமை அந்த ஆள் வேலைக்குப் போகிறார். உங்கள் மகனுக்கு வருவது நள்ளிரவில், தனியாக, பயத்தோடு வருகிறது. போவதும் இல்லை. அம்மன் பிள்ளையைக் குளிக்கவிடாமல், தூங்கவிடாமல் வைத்திருக்கமாட்டாள்.

இது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம், கஞ்சா கிளப்பிவிட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் மருத்துவம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் படிப்பையும் வேலையையும் மீட்கலாம். 2018இல் அரசமைப்பு நீதிமன்றம் வயது வந்தோர் தனியிடத்தில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமில்லை என்று சொன்ன பிறகு, அது தீங்கில்லாதது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு, அதிலும் குடும்பத்தில் இந்த நோய் இருந்தவர்களுக்கு, அது ஆபத்து.

எஸிடிமேனி பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 144 பேர் இறந்தார்கள், மறக்கக் கூடாது. ஆனால் நடந்ததைச் சரியாக நினைவில் வைப்போம். நீண்ட காலம் பராமரிக்கப்பட்டு வந்த நோயாளிகளைச் செலவைக் குறைக்க கவுட்டெங் மாகாணச் சுகாதாரத் துறை அங்கிருந்து கிளப்பி, முறையான தகுதியில்லாத இல்லங்களுக்கு அனுப்பியது. பசியாலும் கவனிப்பின்மையாலும் இறந்தார்கள். மருத்துவம் மறுக்கப்பட்டதுதான் அங்கே நடந்த கொடுமை. உங்கள் மகன் தானாக வர மறுத்தால், 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி நீங்களே விண்ணப்பிக்கலாம். சேர்த்தால் முதலில் 72 மணி நேரம் வைத்துப் பரிசோதிப்பார்கள். தினமும் போய்ப் பாருங்கள். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். குடும்பம் வந்து போகும் நோயாளியை யாரும் மறந்துவிடுவதில்லை. அண்ணனையும் கூடவே அழைத்துப் போங்கள், விபூதியோடு வரட்டும்.

தம்பி சுகர்ஸுக்கு அடிமை. அறையில் பூட்டி வைத்தால் பத்து நாளில் தெளிந்துவிடுமா? (ஓர் அண்ணன், சாட்ஸ்வொர்த்)

வேண்டாம். சுகர்ஸில் இருப்பது ஹெராயின். உடம்பு முறுக்கும் வலி அடங்கலாம், ஏக்கம் அடங்காது. பூட்டை விட்டு வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்துபோன உடம்பு மூச்சை நிறுத்திவிடும். இப்படித்தான் பலரை இழந்திருக்கிறோம். மெத்தடோன் என்ற மாற்று மருந்தை மேற்பார்வையில் தருவதே இன்று உலகம் ஒப்புக்கொண்ட வழி. டர்பனிலும் அது தரப்பட்டு வருகிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று உங்கள் அப்பா கேட்பார். நீரிழிவுக்கு இன்சுலின் போடுவது போல என்று சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து வேலைக்காக வந்து இரண்டு வருடம் ஆகிறது. பதின்மூன்று வயது மகள் கையைக் கீறிக்கொள்கிறாள். சிநேகிதிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதா? இங்கே தமிழ் தெரிந்த ஆலோசகரும் இல்லை. (ஒரு தந்தை, ஜொகனஸ்பர்க்)

எங்கே கற்றாள் என்பதை விடுங்கள், எதைத் தாங்க முடியாமல் செய்கிறாள் என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அது சாகும் முயற்சி அல்ல, மனவலியைச் சற்று நேரம் அடக்கும் வழி. ஆனாலும் இனி வரக்கூடிய ஆபத்துக்கு அது அறிகுறி. காயத்தைக் கழுவிக் கட்டும்போது கை நடுங்காமல் இருங்கள், அதுவே அவளுக்கு ஒரு பதில். ஊரையும் பாட்டியையும் தோழிகளையும் ஒரே நாளில் விட்டு வந்தவள் அவள். உங்களுக்கு வேலை இருந்தது, அவளுக்கு என்ன இருந்தது? மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த வயதில் பல பிள்ளைகள் வீட்டில் பேசாத மொழியில்தான் மனம் திறக்கிறார்கள். உங்கள் மெடிக்கல் எய்ட் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். கடும் மனச்சோர்வு என்று மருத்துவர் எழுதினால், சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் ஆண்டுக்கு 15 ஆலோசனைச் சந்திப்புகள்வரை அடங்கும். கேட்காதவர்களுக்கு அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

இரவில் தூக்கம் வராதபோது போனில் செயற்கை நுண்ணறிவிடம் என் கவலையைச் சொல்கிறேன். தவறா? (ஒரு கல்லூரி மாணவி, டர்பன்)

தவறில்லை மகளே. எண்ணங்களை எழுதிப் பிரித்துப் பார்ப்பதில் பலன் உண்டு. ஆனால் அது உன் முகத்தைப் பார்க்காது, நீ மூன்று நாள் வராவிட்டால் கதவைத் தட்டாது. அதனிடம் சொன்னதில் ஒரு வாக்கியத்தையாவது இந்த வாரம் ஒரு மனிதரிடம் சொல்.

எனக்குப் பதினேழு வயது. மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். எழுந்து பல் தேய்க்கவே முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் கிளினிக்குக்குப் போகலாமா? மாத்திரை கொடுத்தால் மாறிப்போய்விடுவேனா? (பெயரும் ஊரும் எழுதவில்லை)

போகலாம். இந்த நாட்டுக் குழந்தைகள் சட்டப்படி, பன்னிரண்டு வயதைக் கடந்து, விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால் மருத்துவத்துக்கு நீயே சம்மதிக்கலாம். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவர்கள் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் பேச்சு மருத்துவம்தான் தர வேண்டும். மாத்திரை தேவைப்பட்டால் உன் வயதினருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மருந்துக்குத்தான் அதிக ஆதாரம் உள்ளது. நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். தொடக்க வாரங்களில் சிலருக்குப் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடலாம். அப்படியானால் உடனே போய்ச் சொல், அந்த வாரங்களில் உன்னைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அது உன்னை மாற்றுகிற மாத்திரை அல்ல, உன்னைத் திரும்பக் கொண்டுவருகிற மாத்திரை. அதுவரை தினமும் ஒரே ஒரு சின்னச் செயல், பல் தேய்ப்பதே போதும், மனம் வரும்வரை காத்திராமல் செய்.

கிளினிக்கில் வாய் வராமல் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டு போய்ச் செவிலியிடம் நீட்டு: "எத்தனையோ வாரமாக எதிலும் மனம் இல்லை. தூங்க முடியவில்லை. எனக்கு உதவி வேண்டும்." இரவில் தாங்க முடியாவிட்டால் 116ஐ அழை, அது குழந்தைகளுக்கான இலவச எண். சனிக்கிழமை காலை நான் கோயிலில் இருப்பேன். பெயர் சொல்ல வேண்டாம், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தால் போதும், கிளினிக்குக்கு நானே கூட வருகிறேன்.