நம்ம வீடு எது என்று மகள் கேட்கிறாள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். செகந்திராபாத், பதான்கோட், இப்போது ஜபல்பூர் என்று குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டே இருக்கிறோம். நாலாம் வகுப்பு படிக்கும் மகள், "நம்ம வீடு எதும்மா?" என்று கேட்டு அழுகிறாள். வேலூர் பக்கம் எங்கள் கிராமத்தில் கடன் வாங்கியாவது ஒரு வீடு கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் இவர். சரியாகுமா?
- வாசகி, ஜபல்பூர்

பதில்: வீடு கட்டுங்கள் சகோதரி. ஹவில்தார்கள் ஐம்பது வயதுக்குள் பென்ஷனில் வந்துவிடுகிறார்கள், அதற்கப்புறம் இருக்க இடம் வேண்டுமே. ஆனால் அதை மகளின் கேள்விக்கான பதிலாக நினைக்காதீர்கள். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கப்போகும் வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது?

அவள் அழுவது பெரும்பாலும் பதான்கோட்டில் விட்டுவந்த ஏதோ ஒரு தோழிக்காக இருக்கும், கேட்டுப்பாருங்கள். "புது ஸ்கூல்ல புது ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், அந்த வயதில் ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி என்பது நடக்காத காரியம். அந்தத் தோழியின் அம்மா நம்பரை வாங்கி, வாரம் ஒருமுறை பேசவிடுங்கள். அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்தால் கடைசி வாரம்வரை மறைக்காமல் அன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள், எல்லோரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டு வர அவளுக்கும் நாள் வேண்டும்.

கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறாள் என்றால் பாதிப் பாரம் குறையும். இப்படி ஊர் மாறும் மத்திய அரசு ஊழியர்கள், ராணுவத்தினர் பிள்ளைகளுக்காகவே 1963-ல் தொடங்கிய பள்ளிகள் அவை. எந்த ஊருக்குப் போனாலும் அதே பாடப்புத்தகம், அதே யூனிஃபார்ம், காலையில் அதே பிரார்த்தனை. வீட்டிலும் அப்படி மாறாத சிலதை வைத்துக்கொள்ளுங்கள். புது குவார்ட்டர்ஸுக்குப் போனதும் பாத்திரப் பெட்டிக்கு முன்னால் அவளுடைய ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள், அவளுடைய போர்வையும் பொம்மையும் அன்று ராத்திரியே கட்டிலில் இருக்கட்டும். உடைந்ததைக்கூட அவளைக் கேட்காமல் தூக்கிப்போடாதீர்கள், எடை ஏறினாலும் பரவாயில்லை.

கோடை லீவில் அவளைப் பாட்டியிடம் முழுசாக விடுங்கள், நாலு நாளில் சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிக்காட்டிவிட்டு ரயிலேற்றாமல். அதே அத்தை பிள்ளைகளோடு வருஷா வருஷம் சண்டை போட்டு, சேர்ந்து, கடைக்காரர் வரைக்கும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் நிலை வந்தால்தான் நீங்கள் கட்டும் வீடும் அவளுடையதாகும். அவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்து, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத வருஷங்களில், ஊரிலேயே இருந்து அவளை அங்கே படிக்க வைக்கலாமா என்றும் இருவரும் பேசுங்கள்.

தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். பாட்டி அனுப்பும் மெசேஜை அவளே படிக்க வேண்டாமா? நேரமில்லை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் பிள்ளைகளுக்கான பாடங்கள் இருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் பிரச்சினை இல்லை, வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைகளிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். பெற்றோர் இந்த மாநிலத்தவர் என்பதற்கான ஆதாரமும் வேண்டியிருக்கும். உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், அவளுடைய பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, லாரியில் ஏற்றாமல் கையிலேயே கொண்டுபோங்கள்.