கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, அதனால் உண்மையில் ஏதாவது மாறியதா?

மாறியது, ஆனால் பாதிதான். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 2014 முதல் 2023 வரை சேலை செக்‌ஷனில் இருந்தேன். சட்டம் வருவதற்கு முன்பும் வந்த பிறகும் அதே கவுண்டர்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சட்டம் சின்னதுதான். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் அந்த மசோதாவைச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்தார். எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்கக் காலில் நிற்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று முதலில் போராடினார். உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதற்குப் பிறகுதான் வலுத்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்கள் எங்கள் தளத்தில் இருந்தார்கள்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓய்வு என்று பழைய சட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்குக் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை வேலை, சாப்பாட்டுக்கு அரை மணி. ஆள் இல்லாத நேரத்திலும் சாய்ந்து நிற்கக் கூடாது. ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்ததும் வரிசையாகப் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வோம். வீக்கம் வடிந்தால்தான் தூக்கம் வரும். குதிகால் வலி இல்லாதவர் யாரும் இல்லை. முப்பது வயதுக்குள் நரம்புச் சுருட்டு வந்து வேலையை விட்டவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு விற்பது ஒன்றும் ஜவுளி வியாபாரத்தின் வழக்கம் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பழைய கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்டு, விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சேலை பார்ப்பார்கள். என் அம்மாவின் கல்யாணப் பட்டு அப்படி எடுத்ததுதான். மாடி மாடியாகக் கடை வளர்ந்து உயரமான கவுண்டர் வந்த பிறகுதான் நிற்பது மரியாதையாகிவிட்டது.

சரி, சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது? சில மாதங்களில் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, இரண்டு பேருக்கு ஒன்று. உட்கார்ந்தால் கவுண்டருக்கு மேலே தலை மட்டும்தான் தெரியும். ஆள் இல்லை என்று நினைத்து வாடிக்கையாளர் அடுத்த கவுண்டருக்குப் போய்விடுவார். “கஸ்டமர் வர்றப்ப உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கு?” என்று சூப்பர்வைசர் கேட்பார். ஆடித் தள்ளுபடி தொடங்கினால் ஸ்டூல் எல்லாம் குடோனுக்குப் போகும், தீபாவளி முடிந்துதான் திரும்பி வரும். அதிகமாக நிற்கும் மாதங்களே அவைதான்.

ஆனாலும் சட்டம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுடன் ஒரு அக்கா இருந்தார், ஐந்து மாதக் கர்ப்பம். ஒருநாள் மதியம் உட்கார்ந்திருந்தவரை சூப்பர்வைசர் எழுந்திருக்கச் சொன்னார். “சட்டமே உட்காரச் சொல்லுது சார்” என்றார் அக்கா, எழவில்லை. சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அதற்கு முன்பு எங்களில் யாராலும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. கெஞ்சி இருப்போம், இல்லை லீவு போட்டிருப்போம்.

நீங்கள் கடையில் வேலை செய்பவர் என்றால், ‘பொருத்தமான’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவுண்டர் உயரத்துக்கு ஏற்ற, கால் வைக்கக் கட்டை உள்ள ஸ்டூல் கேளுங்கள். பில் போடுகிற இடத்தில் அப்படிப்பட்ட நாற்காலி ஏற்கெனவே இருக்கும், அதையே காட்டிக் கேட்கலாம். தனியாகக் கேட்காமல் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். முடியவில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுதலாம், கடைகளுக்கு ஆய்வுக்கு வருவது அவர்கள்தான்.

வாடிக்கையாளராகப் போகிறவர்களுக்கும் ஒன்று. 2022-ல் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. நாற்பது சேலைக்கு மேல் பிரித்துக் காட்டிவிட்டேன். அதில் வயதான ஒரு அம்மா, சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே, “நீ உட்காரும்மா, நாங்க பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுறோம்” என்றார். அந்த அம்மா முன்னால் யாரும் என்னை எழுப்பவில்லை. இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.