பழைய லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் போடுறது? வந்த கேள்விகளும் என் பதில்களும்

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட்டை நிறுத்துனதுலேருந்து, மூலையில கிடக்குற லேப்டாப்பை என்ன பண்றதுன்னு கேட்டு வர்ற மெசேஜ் நின்னபாடில்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால அடிக்கடி வர்றதை மட்டும் மொத்தமா இங்க போட்டுட்டேன். ஓஎஸ்னா கம்ப்யூட்டரை இயக்குற ஆப்பரேட்டிங் சிஸ்டம், விண்டோஸ் ஒண்ணு, லினக்ஸ் அதுக்கு இலவச மாற்று, பல வகையில வருது. "எது பெஸ்ட் லினக்ஸ்?"னு ஒத்தை வரியில கேட்டவங்க கோச்சுக்காதீங்க, ராம் எவ்ளோ, உள்ள இருக்கிறது சுத்துற ஹார்ட் டிஸ்க்கா, சுத்துற பாகமே இல்லாத எஸ்எஸ்டியா, ப்ராசசர் என்னன்னு தெரிஞ்சா தான் உருப்படியா எதாவது சொல்ல முடியும்.

கேள்வி: 2014ல வாங்குன ஐ3 லேப்டாப், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணி டீ போட்டு குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. லினக்ஸ் போட்டா வேகம் வந்துடுமா?

பதில்: வரும், ஆனா நீங்க எதிர்பார்க்கிற அளவுக்கு லினக்ஸால மட்டும் வராது. உங்க மெஷின்ல சுணங்குறது ப்ராசசர் இல்ல, அந்த ஹார்ட் டிஸ்க். லேப்டாப்ல வர்ற ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து தான், அங்கங்க சிதறி கிடக்குற சின்ன சின்ன ஃபைலை தேடி எடுக்கணும்னா செகண்டுக்கு நூறு தடவை எடுத்தாலே பெரிய விஷயம். சாதாரண எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்குல எடுக்கும். ஓஎஸ் பூட் ஆகுறது (ஆன் பண்ணதும் எழுந்து வர்றது), ப்ரவுசர் திறக்குறது எல்லாமே இந்த சின்ன ஃபைல் வேலை தான். அதனால செலவு பண்றதுன்னா முதல்ல ஹார்ட் டிஸ்க் இருக்கிற அதே இடத்துல மாட்டுற 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு, அப்புறம் தான் எந்த ஓஎஸ்னு யோசனை. 7 மில்லிமீட்டர் தடிமன்ல வரும், பழைய லேப்டாப்ல இடம் 9.5 மில்லிமீட்டருக்கு இருந்தாலும் உக்காந்துடும், கொஞ்சம் ஆடுச்சுன்னா ஸ்பேசர் வைக்கணும் அவ்ளோ தான்.

ராம் ஏத்துறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. அந்த காலத்து ஸ்டிக்ல டிடிஆர்3ன்னும் இருக்கும் டிடிஆர்3எல்னும் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி, ஸ்லாட்லயும் போய் உக்காரும், ஆனா முதல் வகை 1.5 வோல்ட், ரெண்டாவது 1.35 வோல்ட். இன்டெல் 4வது தலைமுறை லேப்டாப் பெரும்பாலும் 1.35 தான் கேக்கும், 1.5 மட்டும் தெரிஞ்ச ஸ்டிக்கை மாட்டுனா ஸ்க்ரீன் கறுப்பா நிக்கும், நீங்க போர்டு போச்சுன்னு பயந்துடுவீங்க. ஏற்கனவே உள்ள இருக்கிற ஸ்டிக்கை கழட்டி அதுல ஒட்டியிருக்கிற லேபிளை படிச்சுட்டு வாங்குங்க.

இதெல்லாம் முடிஞ்சதும் லினக்ஸ் மின்ட்ங்கிற லினக்ஸ் வகையோட எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் போடுங்க. மின்ட்ல சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇன்னு டெஸ்க்டாப்பை பொறுத்து மூணு எடிஷன் இருக்கு, 4 ஜிபிக்கு கடைசி தான் சரி. சின்னமனும் ஓடும், ஓடாதுன்னு சொல்லல, ஆனா அது அதிகமா எடுத்துக்கிற சில நூறு எம்பி உங்களுக்கு ரெண்டு ப்ரவுசர் டேப். இன்னைக்கு ராமை தின்னுறது ஓஎஸ் இல்லீங்க, ப்ரவுசர். டெஸ்க்டாப் எவ்ளோ இலகுவா இருந்தாலும் பதினஞ்சு டேப் திறந்தா 4 ஜிபி காலி. இசட்ராம்னு ஒண்ணு இருக்கு, ராம்ல கொஞ்ச நேரமா தொடாம கிடக்குறதை சுருக்கி ராமுக்குள்ளயே வச்சுக்கும், டிஸ்க்குக்கு தள்ளாது. 4 ஜிபி மெஷின்ல அதை போட்டு விட்டா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

கேள்வி: என்னோடது 32 பிட் லேப்டாப்னு சிஸ்டம் செட்டிங்ல காட்டுது. 32 பிட் லினக்ஸ் தேடுனா எதுவும் சரியா கிடைக்கல.

பதில்: நல்லா பாருங்க, "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசசர்"னு ரெண்டும் ஒரே வரியில இருக்கா? அப்படின்னா உங்க ப்ராசசர் 64 பிட், அப்போ விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் 32 பிட் போட்டுட்டார், அவ்ளோ தான் கதை. 4 ஜிபி ராம் இருந்தும் 3 சொச்சம் தான் யூஸ் ஆகுதுன்னு காட்டுறதும் அதனால தான். 2006ல வந்த கோர் 2 டுவோவே 64 பிட் தான். தைரியமா 64 பிட் ஐஎஸ்ஓ (ஓஎஸ் மொத்தமும் இருக்கிற ஃபைல்) இறக்குங்க.

கேள்வி: இது நிஜமாவே 32 பிட் தான் சார், இன்டெல் ஆட்டம் ப்ராசசர் போட்ட பழைய நெட்புக், 1 ஜிபி ராம். வழி இருக்கா?

பதில்: இருக்கு, ஆனா ஒடுங்கிக்கிட்டே வருது. பல லினக்ஸுக்கு அடித்தளமான டெபியனோட 13வது வெர்ஷன்ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது, டெபியன் 12ல இருக்கு, அதோட நீண்டகால சப்போர்ட் 2028 ஜூன் வரைக்கும். அதை அடிப்படையா வச்ச ஆன்டிஎக்ஸ் 23ல 32 பிட் ஐஎஸ்ஓ இருக்கு, 1 ஜிபிக்கு அது தான் என் சாய்ஸ். பப்பி லினக்ஸும் ஓடும், மொத்தத்தையும் ராம்ல ஏத்திக்கிட்டு பறக்கும், ஆனா டீஃபால்ட்டா ரூட் யூசராவே (எதையும் மாத்த, அழிக்க முழு அதிகாரம் உள்ளவர்) வேலை பார்க்கும், எனக்கு அது பிடிக்கிறதில்ல.

பிரச்சனை ஓஎஸ் இல்ல, ப்ரவுசர். குரோம் 32 பிட் லினக்ஸை 2016லயே கைவிட்டுச்சு, ஃபயர்ஃபாக்ஸும் 144வது வெர்ஷனோட நிறுத்திடுச்சு, அதோட நீண்டகால சப்போர்ட் வெர்ஷனான ஈஎஸ்ஆர் 140 மட்டும் இன்னும் கொஞ்ச நாள். அதனால பேங்க் வேலை, வீடியோ கால் எல்லாம் அதுல வேண்டாம். எழுதுறதுக்கு, பாட்டு கேக்குறதுக்கு, சின்ன ஃபைல் சர்வரா வச்சுக்கிறதுக்கு தாராளமா போதும்.

கேள்வி: மின்ட்டா, லுபுன்டுவா, எம்எக்ஸா? வீடியோ பார்த்து பார்த்து குழம்பிட்டேன்.

பதில்: வீடியோ பார்க்குறதை நிறுத்துங்க முதல்ல. மூணும் நல்ல லினக்ஸ் தான். லுபுன்டு மூணுலயும் இலகு, ஆனா லுபுன்டு 24.04க்கு சப்போர்ட் 3 வருஷம் தான், அதே உபுன்டு 24.04 மேல கட்டுன மின்ட் 22க்கு 2029 வரைக்கும் உண்டு. ஒரு தடவை போட்டுட்டு மறந்துடணும்னு நினைக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு வருஷம் தான் முக்கியம், தீமும் ஐகானும் இல்ல. 2 ஜிபி ராம்னா லுபுன்டு இல்லன்னா எம்எக்ஸோட ஃப்ளக்ஸ்பாக்ஸ் எடிஷன், 4 அதுக்கு மேலன்னா மின்ட். மாசத்துக்கு ஒண்ணு மாத்தி மாத்தி போடுறது ஒரு வியாதி, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

கேள்வி: விண்டோஸையும் வச்சுக்கிட்டு பக்கத்துல லினக்ஸ் போடணும். உள்ள இருக்கிற ஃபோட்டோ எல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயம் தான், அதனால ஃபோட்டோவை முதல்ல வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க, அதுக்கு மாற்றே கிடையாது. அப்புறம் ரூஃபஸ் இல்லன்னா வென்டாய்ங்கிற டூலை வச்சு பென்ட்ரைவ்ல ஐஎஸ்ஓவை ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம லைவ்ல (பென்ட்ரைவ்லேருந்தே ஓட்டி பார்க்கிறது) பூட் பண்ணுங்க. ஆன் பண்ணதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப்னு கம்பெனிக்கு ஒரு கீ இருக்கும். லைவ்ல வைஃபை வருதா, சவுண்ட் கேக்குதா, மூடி திறந்தா முழிக்குதா, ஸ்க்ரீன் வெளிச்சம் கூட்டி குறைக்க முடியுதா, இந்த நாலையும் பாருங்க. இங்க வேலை செஞ்சா இன்ஸ்டால் பண்ணப்புறமும் பெரும்பாலும் செய்யும்.

இன்ஸ்டாலுக்கு முன்னாடி விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, டிஸ்க்கை பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பார்த்து ரெக்கவரி கீயை எழுதி வைங்க, பயாஸ்ல (ஓஎஸ்ஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்) செக்யூர் பூட் செட்டிங்கை தொட்டாலே அடுத்த தடவை அந்த 48 இலக்க கீயை கேட்டு நிக்கும், இல்லன்னா உள்ள போகவே முடியாது. ரெண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாது, பாதி தூக்கத்துல இருக்கும், அதனால லினக்ஸ்லேருந்து அந்த டிரைவை திறந்தா படிக்க மட்டும் தான் விடும், எழுத விடாது. இடம் ஒதுக்குறதையும் விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே பண்ணிடுங்க, அது தான் பாதுகாப்பு.

இன்ஸ்டாலர்ல டிஸ்கே காட்டலன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, பயாஸ்ல சாட்டா மோட் ஆர்எஸ்டின்னோ ரெய்டுன்னோ இருக்கும், அதை ஏஹெச்சிஐக்கு மாத்தணும். ஆனா சும்மா மாத்துனீங்கன்னா விண்டோஸ் நீல ஸ்க்ரீன்ல நின்னுடும். முதல்ல விண்டோஸ்ல இருக்கிற எம்எஸ்கான்ஃபிக் டூல்ல சேஃப் பூட்னு இருக்கிறதை டிக் பண்ணி ரீஸ்டார்ட் கொடுத்து, நேரா பயாஸுக்குள்ள போய் மாத்தி, விண்டோஸ் சேஃப் மோட்ல ஒரு தடவை எழுந்ததும் அந்த டிக்கை எடுத்துடுங்க. அதுக்கப்புறம் ரெண்டுமே ஒழுங்கா வரும்.

ரெண்டு ஓஎஸ் வச்சப்புறம் விண்டோஸ்ல மணி தப்பா காட்டுச்சுன்னா பேட்டரியை சந்தேகப்படாதீங்க. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யுடிசியா (உலக பொது நேரம்) எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமா எடுத்துக்கும், சண்டை அது தான்.

கேள்வி: மின்ட் போட்டாச்சு, வைஃபை மட்டும் வரல. நெட் இல்லாம டிரைவர் எப்படி இறக்குறது?

பதில்: ஃபோனை யுஎஸ்பி கேபிள்ல சொருகி, ஹாட்ஸ்பாட் செட்டிங்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, லேப்டாப் அதை ஒயர் கனெக்ஷனா எடுத்துக்கும். அப்புறம் டிரைவர் மேனேஜரை திறந்தா பிராட்காம் கம்பெனி வைஃபை சிப்புக்கான டிரைவர்னு ஒண்ணு காட்டும், டிக் பண்ணி ரீஸ்டார்ட். பழைய லேப்டாப்ல இந்த தகராறு பத்துக்கு எட்டு பிராட்காம் சிப்பால தான் வரும். வைஃபை கார்டையே மாத்திடலாம்னு கிளம்புறவங்க ஒண்ணு கவனிங்க, சில பழைய மாடல்ல பயாஸ் அங்கீகரிச்ச கார்டு மட்டும் தான் ஏத்துக்கும், வேற மாட்டுனா பூட்டே ஆகாது.

கேள்வி: எல்லாம் ஓகே, யூடியூப் மட்டும் திக்கி திக்கி ஓடுது, ஃபேன் கத்துது.

பதில்: யூடியூப் இப்ப அனுப்புறது விபி9 இல்லன்னா ஏவி1ங்கிற வீடியோ வடிவம். இன்டெல்ல விபி9ஐ சிப்லயே முழுசா பிரிக்கிற வசதி 7வது தலைமுறையில தான் வந்துச்சு, ஏவி1 11வதுல. உங்களோடது அதுக்கு முந்தினது, அதனால மொத்த பாரமும் சிபியு தலையில. ப்ரவுசர்ல ஹெச்264ஐஃபைன்னு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அதை போட்டா யூடியூப் பழைய ஹெச்.264 வடிவத்துல அனுப்பும், 2011 காலத்து சிப்புக்கே அது தெரியும். கூடவே சிப்லயே வீடியோவை பிரிக்க உதவுற ஐ965 விஏ டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கான்னு பாருங்க. 1366க்கு 768 ஸ்க்ரீன்ல 1080 வச்சு பார்க்கிறதுல அர்த்தமே இல்ல, 720 போதும்.

கேள்வி: அம்மாவுக்கு வீடியோ, மெயில் மட்டும் தான். குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் கொடுக்கலாமா?

பதில்: தாராளமா. கூகுள் இலவசமா தர்ற ஓஎஸ், 4 ஜிபி ராம் இருந்தா போதும், தானா அப்டேட் ஆகிக்கும், உங்களுக்கு ஃபோன் வராது. ஆனா டிஸ்க்கை முழுசா துடைச்சுட்டு தான் உக்காரும், விண்டோஸ் கூட பங்கு போட்டுக்காது. ப்ளே ஸ்டோர் கிடையாது, ஆண்ட்ராய்டு ஆப் எதுவும் ஓடாது. கூகுள் வச்சிருக்கிற மாடல் லிஸ்ட்ல உங்க மாடலுக்கு நேரா சப்போர்ட் முடியுற வருஷமும் இருக்கும், அதை பார்த்துட்டு போடுங்க.

கேள்வி: லினக்ஸ்ல தமிழ் டைப் பண்ண முடியுமா? பாமினியில அடிச்ச பழைய ஃபைல் வேற நிறைய இருக்கு.

பதில்: கீபோர்டு மொழி மாத்த உதவுற ஐபஸ் எம்17என் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிட்டு ஐபஸ் செட்டிங்ல தமிழை சேர்த்தா தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையா நிக்கும். லாக் அவுட் பண்ணி வந்தப்புறம் தான் வேலை செய்யும், அதுக்குள்ள வரலன்னு அழிச்சிடாதீங்க. பாமினி யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபான்ட், அந்த ஃபைலை திறந்தா கன்னாபின்னான்னு தான் தெரியும், விண்டோஸ்லேருந்து அந்த ஃபான்ட் ஃபைலை எடுத்து வந்து டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தா லிப்ரேஆபீஸ்ல சரியா தெரியும். முடிஞ்சா யூனிகோடுக்கு மாத்தி வச்சுடுங்க, தேடவாவது முடியும்.

கேள்வி: ஃபோட்டோஷாப்?

பதில்: ஓடாது. வைன்ல (விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டுற டூல்) ஓடும்னு சொல்றவங்க சொல்ற வெர்ஷன் எதுன்னு கேட்டு பாருங்க. பொழப்பே அது தான்னா விண்டோஸ்லயே இருங்க.

கேள்வி: மெஷினுக்கு தகுதி இருக்கான்னு பார்க்கிற செக்கிங்கை தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தர்றேங்கிறாங்களே?

பதில்: ரூஃபஸ்லயே அந்த வசதி இருக்கு, டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் கேக்காம உள்ள விட்டுடும். ஆனா தகுதி இல்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு உறுதி இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. 24ஹெச்2 வெர்ஷன்லேருந்து பாப்கவுன்ட்னு ஒரு கட்டளை ப்ராசசருக்கு தெரிஞ்சே ஆகணும், கோர் 2 டுவோவுக்கு தெரியாது, பூட்டே ஆகாது. ஐ5ல 6வது, 7வது தலைமுறைன்னா ஓடும், அப்டேட் விஷயத்துல உங்க ரிஸ்க்.

கேள்வி: அரை மணி நேரம் ஓடுனா தானா ஆஃப் ஆகிடுது. லினக்ஸ் போட்டா சரியாகுமா?

பதில்: ஆகாது. அது சூடு. பின்பக்கம் திறந்து ஃபேன்ல அடைச்சிருக்கிற தூசியை எடுத்து, ப்ராசசர் மேல காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டை துடைச்சு புதுசு தடவுங்க. அப்படியே லைவ் பென்ட்ரைவ்ல பூட் பண்ணி டிஸ்க்ஸ்னு இருக்கிற ஆப்ல ஸ்மார்ட் டேட்டாவையும் (டிஸ்க்கோட உடல்நிலை ரிப்போர்ட்) பாருங்க, ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் ஒதுக்கி வச்ச இடம்) எண்ணிக்கை இன்னைக்கு ஒண்ணு அடுத்த வாரம் ஒண்ணுன்னு ஏறிக்கிட்டே போச்சுன்னா அந்த டிஸ்க்ல எந்த ஓஎஸ்ஸும் போடாதீங்க, முதல்ல உள்ள இருக்கிறதை வெளிய எடுங்க.